சிடிபி டெஸ்ட் ஒரு ரன் பச்சை, அடுத்த ரன் சிவப்பு – ரீட்ரை போட்டு ஓட்டிடலாமா?

தூங்காத_பைப்லைன்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஒரு ப்ரவுசர் ரெக்கார்டிங் டூல் பண்றோம், உள்ள பப்பட்டியர் ப்ளேரைட் மாதிரி ரெடிமேட் ப்ரவுசர் ஆட்டோமேஷன் லைப்ரரி எதுவும் கிடையாது, க்ரோமோட ரிமோட் டீபக்கிங் போர்ட்டுக்கு வெப்சாக்கெட்ல நேரா கனெக்ட் பண்ணி சிடிபி (க்ரோம் டெவ்டூல்ஸ் ப்ரோட்டோகால், க்ரோமை வெளில இருந்து இயக்குற மொழி) கமாண்ட் அனுப்புற க்ளையன்ட் லைப்ரரி நாங்களே எழுதுனது, அதுக்கு டெஸ்ட் சில நூறு இருக்கு. பிரச்சனை என்னன்னா என் லேப்டாப்ல எல்லாம் பாஸ், சிஐல (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்டை தானா ஓட்டுற சர்வர்) ஏத்துனா ஒவ்வொரு ரன்லயும் ரெண்டு மூணு விழுது, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேற வேற டெஸ்ட். எர்ரர் பெரும்பாலும் இதுல ஒண்ணு:

– எக்ஸிக்யூஷன் கான்டெக்ஸ்ட் (பேஜோட ஜாவாஸ்க்ரிப்ட் ஓடுற சூழல்) அழிஞ்சிடுச்சுங்கற மெசேஜ்
– கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு
– சும்மா டைம்அவுட், வேற எந்தத் தகவலும் இல்ல

டீம் லீட் சொல்றார் "ரீட்ரை 3 போட்டு விடுப்பா, விழுந்தா தானா மறுபடி ஓடும், எல்லா இடத்துலயும் அப்படித்தான்". போட்டா பச்சை ஆகுது, உண்மைதான். ஆனா எனக்கு மனசு ஒப்பல. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

ஓரமா_நிக்கிறேன்:
உங்க லீட் சரியாத்தான் சொல்றார் ப்ரோ. ப்ளேரைட்லயே ரீட்ரை செட்டிங் இருக்கு, ரீட்ரைல பாஸ் ஆனதை தனியா ஃப்ளேக்கின்னு (கோட் மாறாமலே ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில்) ரிப்போர்ட்ல காட்டும். கூகுள் அவங்க டெஸ்டிங் ப்ளாக்ல 2016லயே எழுதிட்டாங்க, அவங்க டெஸ்ட்ல கிட்டத்தட்ட 16 சதவீதத்துல ஏதோ ஒரு அளவு ஃப்ளேக்கினஸ் இருக்குன்னு. அவங்களுக்கே அப்படின்னா நம்ம எல்லாம் எம்மாத்திரம். ரீட்ரை போட்டுட்டு ஃபீச்சர் வேலைய பாருங்க.

பழைய_சோறு:
அதே கட்டுரைல இன்னொரு நம்பரும் இருக்கு தம்பி, அதை விட்டுட்டீங்க. பாஸ்ல இருந்து ஃபெயிலுக்கு மாறுன கேஸ்கள்ல 84 சதவீதத்துல ஒரு ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டிருந்துச்சுன்னு. அதாவது சிவப்பு வந்தா "ஆமா அது எப்பவும் அப்படித்தான்"னு எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க, நிஜ பக் வந்தாலும் தாண்டிப் போயிடுவாங்க.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. சாதாரண வெப்சைட் டெஸ்ட்டுக்கு ரீட்ரை போடறதும், டீபக்கிங் ப்ரோட்டோகால் டெஸ்ட்டுக்கு ரீட்ரை போடறதும் ஒண்ணு இல்ல. லாகின் பேஜ் டெஸ்ட் பண்றீங்கன்னா ரேஸ் கண்டிஷன் (எது முதல்ல முடியுதுங்கறதைப் பொறுத்து முடிவு மாறுறது) பெரும்பாலும் டெஸ்ட் கோட்ல இருக்கும், யூசர் நிதானமாத்தான் க்ளிக் பண்ணுவான், அவனுக்கு அது தெரியவே தெரியாது. இங்க உங்க க்ளையன்ட்டை யூஸ் பண்றதே இன்னொரு ப்ரோக்ராம், அது மில்லிசெகண்ட் கணக்குல கமாண்ட் அனுப்பும், எந்த ஈவென்ட் எப்ப வருது எதுக்கு முன்னாடி எது வருதுங்கறதுதான் நீங்க விக்கிற சரக்கே. அதுல ரேஸ் இருந்தா உங்க கஸ்டமருக்கும் அதே ரேஸ்தான், அவன்கிட்ட ரீட்ரை 3 இருக்காது. இதுக்கு ரீட்ரை போடறது கேஸ் லீக் ஆகுற வீட்ல நாத்தம் போக ஊதுபத்தி ஏத்துற மாதிரி.

சரி விஷயத்துக்கு வருவோம். நீங்க கொடுத்த மூணு எர்ரரும் மூணு வேற வியாதி, ஒண்ணா போட்டு "ஃப்ளேக்கி"ன்னு பேர் வச்சா எதுவும் குணமாகாது.

முதல்ல கான்டெக்ஸ்ட். ரன்டைம்.இவாலுவேட் (பேஜ்ல ஜாவாஸ்க்ரிப்ட் ஓட்டுற கமாண்ட்) அனுப்புறீங்க, அது பழைய டாக்குமென்ட்டோட கான்டெக்ஸ்ட்ல ஓடிட்டு இருக்கும்போதே நேவிகேஷன் கமிட் ஆகிடுது, அதாவது புது பேஜ் வந்து உக்காந்திடுது, பழைய கான்டெக்ஸ்ட் போச்சு, உங்க ஜாவாஸ்க்ரிப்ட் அம்போன்னு நிக்குது. லேப்டாப்ல பேஜ் வேகமா லோட் ஆகுறதால இவாலுவேட் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், சிஐ மெஷின்ல ரெண்டு கோர்ல ஆறு க்ரோம் ஓடும்போது இடைவெளி பெருசாகும், அப்பதான் மாட்டும். பேஜ்.நேவிகேட்டுக்கு பதில் வந்துடுச்சுன்னா லோட் முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, இதை நிறைய பேர் தப்பா எடுத்துக்கறாங்க. அந்த பதில்ல லோடர் ஐடி (அந்த லோடுக்கான அடையாளம்) ஒண்ணு வரும், லைஃப்சைக்கிள் ஈவென்ட்ல அதே லோடர் ஐடிக்கு லோட் வர்ற வரைக்கும் நிக்கணும். சும்மா "ஏதாவது ஒரு லோட் ஈவென்ட்"டுக்கு நின்னீங்கன்னா முதல்ல இருந்த வெத்து பேஜோட ஈவென்ட்ட பிடிச்சிட்டு ஓடிடுவீங்க.

அப்புறம் லிசனர (ஈவென்ட்டுக்கு காத்திருக்கிற கோட்) கமாண்ட் அனுப்புறதுக்கு முன்னாடியே மாட்டிடணும். க்ளிக் பண்ணிட்டு அப்புறம் நேவிகேஷனுக்கு காத்திருக்கிறது, இந்த ஒரு பேட்டர்னாலயே எத்தனை ராத்திரி போயிருக்கும் இந்த உலகத்துல.

அணில்_க்யூஏ:
கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுக்கு நான் சொல்றேன், இது எனக்கு அத்துப்படி.

தம்பி நீங்க போர்ட் 9222ன்னு ஃபிக்ஸ் பண்ணி வச்சிருக்கீங்களா? பேரலலா ரெண்டு வொர்க்கர் ஓடினா ஒண்ணு ஒண்ணு மேல விழும். அதைவிட மோசம், முந்தின ரன்ல சாகாம விட்ட க்ரோம் இன்னும் 9222ல உக்காந்திருக்கும், உங்க டெஸ்ட் அதுகிட்ட போய் பேசிட்டு இருக்கும், விழாம தப்பா பாஸ் ஆகும். போர்ட் 0ன்னு கொடுங்க, க்ரோமே காலியா இருக்கிற போர்ட்டை எடுத்துக்கும், எடுத்த நம்பரை ப்ரொஃபைல் ஃபோல்டர்ல டெவ்டூல்ஸ்ஆக்டிவ்போர்ட்னு ஒரு ஃபைல்ல எழுதும். முதல் வரி போர்ட், ரெண்டாவது வரி வெப்சாக்கெட் பாத். ஃபைல் வந்துடுச்சான்னு மட்டும் பாக்காதீங்க, ரெண்டு வரியும் இருக்கான்னு பாருங்க. ப்ரொஃபைல் ஃபோல்டரை மறுபடி யூஸ் பண்ணா பழைய ஃபைல் அப்படியே கிடக்கும், பழைய நம்பரைப் படிச்சிட்டு செத்த போர்ட்டுக்கு போவீங்க, அதனால ஒவ்வொரு டெஸ்ட் ப்ராசஸுக்கும் புது டெம்ப் ஃபோல்டர். எப்படியும் க்ரோம் 136ல இருந்து டிஃபால்ட் ப்ரொஃபைல்ல ரிமோட் டீபக்கிங் ஃப்ளாக்கை கண்டுக்கவே கண்டுக்காது, குக்கி திருட்டு அதிகமானதால மாத்திட்டாங்க, வேற ஃபோல்டர் கொடுத்தே ஆகணும்.

இன்னொண்ணு, க்ளையன்ட் நோட்.ஜேஎஸ்ல எழுதுனதா? லோக்கல்ஹோஸ்ட்னு பேர் போட்டிருந்தா அதை எடுத்துட்டு 127.0.0.1னு போடுங்க. நோட் 17ல இருந்து சிஸ்டம் எந்த வரிசைல அட்ரஸ் கொடுக்குதோ அதே வரிசைல எடுத்துக்குது, சில மெஷின்ல ::1 (ஐபிவி6 அட்ரஸ்) முதல்ல வரும், க்ரோம் 127.0.0.1ல மட்டும் கேட்டுட்டு இருக்கும், அவ்ளோதான் ரெஃப்யூஸ்டு. ஒரு ரன்னர்ல பாஸ் இன்னொரு ரன்னர்ல ஃபெயில்னா நான் முதல்ல பாக்குறது இதுதான்.

டாக்கர்ல ஓட்டுறீங்கன்னா ஷேர்டு மெமரி டிஃபால்ட் 64 எம்பிதான், பெரிய பேஜ் லோட் பண்ணா டேப் க்ராஷ் ஆகும், உங்களுக்கு அது டைம்அவுட்டாத்தான் தெரியும். டார்கெட் (டேப் மாதிரி நம்ம கனெக்ட் ஆகுற ஒண்ணு) க்ராஷ் ஆனா வர்ற ஈவென்ட்ட கேக்குறீங்களா? கேக்கலைன்னா கேளுங்க, பாதி "சும்மா டைம்அவுட்" காணாம போயிடும்.

டீ_ப்ரேக்:
ரெண்டு கோர்ல ஆறு க்ரோமா, அந்த மெஷின் மேல டீ சூடு பண்ணலாமே

தூங்காத_பைப்லைன்:
அக்கா போர்ட் 9222 ஃபிக்ஸ்டுதான் 😅 நான் வர்றதுக்கு முன்னாடியே அப்படி இருந்துச்சு. மாத்திப் பாக்குறேன்.

@பழைய_சோறு அண்ணே, லிசனர் வரிசை செக் பண்றேன். ஆனா நிறைய டெஸ்ட்ல ஸ்லீப் 2000 ஸ்லீப் 3000ன்னு (அத்தனை மில்லிசெகண்ட் சும்மா நிக்கிறது) இருக்கு, அதையெல்லாம் என்ன பண்றது? குறிப்பா "இந்த ஈவென்ட் வரக்கூடாது"ன்னு செக் பண்ற டெஸ்ட் இருக்கே, அதுக்கு ஸ்லீப் போடாம எப்படி, வராத ஒண்ணுக்கு எவ்ளோ நேரம் காத்திருக்கிறது?

பழைய_சோறு:
நல்ல கேள்வி. ஸ்லீப்பைப் பத்தி ஒரு தகவல், 2014ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அப்பாச்சி ப்ராஜெக்ட் 51ல ஃப்ளேக்கி டெஸ்ட்டை சரி பண்ண 201 கமிட்டை எடுத்துப் பாத்தாங்க, காரணம் தெரிஞ்சதுல 45 சதவீதம் அசிங்க் (பின்னால தனியா முடியுற) விஷயத்துக்கு சரியா காத்திருக்காதது, 20 சதவீதம் கன்கரன்சி (ஒரே நேரத்துல பல வேலை ஓடுறது), 12 சதவீதம் டெஸ்ட் ஓடுற வரிசையைச் சார்ந்தது. ஸ்லீப்ங்கறது சரியா காத்திருக்காததோட சின்னம், வேகமான மெஷின்ல நேரம் வேஸ்ட், மெதுவான மெஷின்ல பத்தாது.

வரக்கூடாத ஈவென்ட்டுக்கு நான் பண்றது, அந்த ஈவென்ட் வர்றதா இருந்தா எதுக்கு முன்னாடி வந்தே ஆகணும்னு யோசிப்பேன், அந்த "எது"வ வேணும்னே உண்டாக்கி அதுக்கு காத்திருப்பேன். உதாரணமா கன்சோல் மெசேஜ் வரக்கூடாதுன்னா, அதே பேஜ்ல அதே கான்டெக்ஸ்ட்ல ஒரு அடையாள மெசேஜ லாக் பண்ணுவேன், அது வந்து சேர்ந்ததும் அதுக்கு முன்னாடி வேற எதுவும் வந்திருக்கான்னு பாத்தா போதும். ஸ்லீப் தேவையில்ல.

ஆனா இங்கதான் ஒரு குழி இருக்கு. ஒரே வெப்சாக்கெட்ல வருதுங்கறதால எல்லா ஈவென்ட்டும் வரிசையா வரும்னு நினைக்காதீங்க, சிலது ரெண்டரர் (பேஜை வரையுற) ப்ராசஸ்ல இருந்து கிளம்புது, சிலது ப்ரவுசர் பக்கம் இருந்து கிளம்புது. நெட்வொர்க்.ரிக்வெஸ்ட்வில்பீசென்ட்னு ஒண்ணு, அதோட எக்ஸ்ட்ரா இன்ஃபோன்னு இன்னொண்ணு இருக்கில்ல, ரெண்டுல எது முதல்ல வரும்னு எந்த கேரன்டியும் இல்லன்னு சிடிபி டாக்குமென்ட்லயே எழுதி வச்சிருக்காங்க. உங்க டெஸ்ட் இதுதான் முதல்ல வரணும்னு அஸர்ட் பண்ணா அந்த டெஸ்ட்தான் தப்பு, ப்ரோட்டோகால் சொல்லாத வாக்குறுதியை கேக்குது. ப்ரோட்டோகால் சொன்ன வாக்குறுதி மீறுனா அது பக். ஒவ்வொரு ஃப்ளேக்கி டெஸ்ட்டுக்கும் நான் கேக்குற முதல் கேள்வியே இதுதான், நம்ம கேட்டது ஸ்பெக்ல (ப்ரோட்டோகாலோட எழுதி வச்ச விதில) இருக்கா இல்லையா.

ஓரமா_நிக்கிறேன்:
எல்லாம் சரிண்ணே, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமை ரிலீஸ்னு ஒருத்தன் தலைமேல நிக்கும்போது எவன் லோடர் ஐடி பாத்துட்டு உக்காருவான்? அவருக்கு சில நூறு டெஸ்ட் இருக்கு, டீம்ல மூணு பேரோ நாலு பேரோ. எல்லாத்தையும் ஆராய்ச்சி பண்ணா ப்ராடக்ட் எப்ப வரும். ரீட்ரை வேண்டாம்னா விழுற டெஸ்ட்டை எல்லாம் ஸ்கிப் பண்ணி ஒரு லிஸ்ட்ல தள்ளுங்க, அதுவாவது பண்ணுங்க.

பழைய_சோறு:
ஸ்கிப் பண்ண லிஸ்ட்ல இருந்து ஏதாவது ஒரு டெஸ்ட் உயிரோட திரும்பி வந்து பாத்திருக்கீங்களா?

ஓரமா_நிக்கிறேன்:
அது வேற விஷயம்ணே 😂

நரி_வால்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நான் ஃபயர்ஃபாக்ஸ் பக்கம் அப்பப்ப பேட்ச் போடறவன், ப்ரவுசர் டீம்கள் இதை எப்படி சமாளிக்கிறாங்கன்னு சொன்னா உங்க சண்டைக்கு நடுவுல ஒரு வழி கிடைக்கலாம், ஏன்னா ஓரமா சொல்ற டைம் பிரச்சனை அவங்களுக்கு நம்மளைவிட அதிகம்.

மொசில்லால ஒரு டெஸ்ட் அப்பப்ப விழுதுன்னா அதுக்கு பக்ஸில்லால (அவங்க பக் பதிவேடு) ஒரு பக் இருக்கும், ட்ரீஹெர்டர்ல (டெஸ்ட் ரிசல்ட் காட்டுற பக்கம்) விழுந்த ஒவ்வொரு ரன்னையும் ஷெரிஃப்னு சொல்றவங்க அந்த பக்கோட முடிச்சுப் போடுவாங்க, அதனால "இந்த வாரம் இது எத்தனை தடவை, எந்த ப்ளாட்ஃபார்ம்ல" அப்படிங்கற கணக்கு தானா சேரும். அடிக்கடி விழுறதுக்குத்தான் ஆள் உக்காருவாங்க, எப்பவாவது விழுறதை விட்டு வைப்பாங்க. ரொம்ப படுத்துச்சுன்னா மேனிஃபெஸ்ட்ல (டெஸ்ட் பட்டியல் ஃபைல்) ஸ்கிப் பண்ணுவாங்க, ஆனா மொத்தமா இல்ல, "விண்டோஸ்ல டீபக் பில்டா இருந்தா மட்டும் ஸ்கிப்"னு நிபந்தனையோட, பக்கத்துலயே பக் நம்பரோட. க்ரோமியம்லயும் டெஸ்ட்எக்ஸ்பெக்டேஷன்ஸ்னு ஃபைல் இருக்கு, பக் நம்பர், ப்ளாட்ஃபார்ம், டெஸ்ட் பேர், "பாஸ் அல்லது ஃபெயில்" அப்படின்னு ஒரு வரி. பப்பட்டியர் ரெப்போலயும் இதே பேர்ல ஒரு ஜேசான் ஃபைல் இருக்கு, எந்த ப்ரவுசர், எந்த ப்ரோட்டோகால்ல எந்த டெஸ்ட் எப்படி ஆகும்னு அதுல எழுதியிருக்கும்.

வித்தியாசம் பாத்தீங்களா, ரீட்ரை 3ங்கறது எல்லா டெஸ்ட்டுக்கும் பொதுவான மன்னிப்பு, இது ஒவ்வொண்ணுக்கும் பேர் போட்டு காரணம் எழுதி கொடுக்கிற மன்னிப்பு. அந்த டெஸ்ட் ஓடிட்டேதான் இருக்கும், ஓடுறதால கணக்கு சேரும், கணக்கு சேர்றதால என்னைக்கோ ஒருத்தர் அதை எடுக்குறார். க்ரோமியம்லயும் விழுந்ததை மறுபடி ஓட்டத்தான் செய்றாங்க, யோக்கியம்னு சொல்ல வரல, ஆனா மறுபடி ஓட்டுனதை மறைக்கிறதில்ல.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது, டெஸ்ட் வெரிஃபைன்னு ஒரு ஜாப். நீங்க புதுசா ஒரு டெஸ்ட் சேத்தாலோ பழசை மாத்துனாலோ அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் எடுத்து திரும்பத் திரும்ப ஓட்டும், ஒரே ப்ரவுசர்ல பல தடவை, ஒவ்வொரு தடவையும் புது ப்ரவுசர்ல, அப்புறம் கேயாஸ் மோட்ல, அதாவது த்ரெட், டைமர் இதெல்லாம் வேணும்னே கலைச்சுப் போட்டு. புது ஃப்ளேக்கி உள்ள வர்ற வாசல்லயே பிடிக்கிறது. பழசை சரி பண்ண டைம் இல்லன்னாலும் இதைப் பண்ணா லிஸ்ட் வளராது.

அணில்_க்யூஏ:
வாசல்ல பிடிக்கிறது அருமை. பைடை (வெப்டிரைவர் பைடை, எல்லா ப்ரவுசருக்கும் பொதுவான ப்ரோட்டோகால்) பக்கம் நிலைமை எப்படி? நாங்க செலினியம்ல இருந்து அதுக்கு மாறிட்டு இருக்கோம்.

நரி_வால்:
ஃபயர்ஃபாக்ஸ்ல சிடிபி பாதிதான் இருந்துச்சு, 129ல இருந்து டிஃபால்ட்டா ஆஃப் பண்ணிட்டாங்க, எல்லாம் பைடைக்கு மாறியாச்சு. பைடைல நல்லது என்னன்னா ஸ்பெக் டபிள்யூ3சில (வெப் தரங்களை எழுதுற அமைப்பு) இருக்கு, அதனால பழைய_சோறு கேட்ட "ஸ்பெக்ல இருக்கா" கேள்விக்கு பதில் கிடைக்கும், நேவிகேட் கமாண்ட்லயே எதுவரைக்கும் காத்திருக்கணும்னு நன், இன்டராக்டிவ், கம்ப்ளீட்னு சொல்லிடலாம். டெஸ்ட் எல்லாம் வெப் ப்ளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ்ல பைடெஸ்ட்ல (பைத்தான் டெஸ்ட் டூல்) எழுதியிருக்கும், போய்ப் படிங்க, அதுல டைம்அவுட்டை நேரடியா செகண்ட்ல எழுதாம ஒரு மல்டிப்ளையரால பெருக்குவாங்க, டீபக் பில்ட் மெதுவா ஓடும்னு தெரிஞ்சதால.

ஒரு எச்சரிக்கை, லாக்.என்ட்ரிஆடட் ஈவென்ட்டுக்கு சப்ஸ்க்ரைப் பண்ணீங்கன்னா அதுக்கு முன்னாடியே வந்து பஃபர்ல கிடந்த லாகும் சேர்ந்து வரும், ஸ்பெக்லயே அப்படித்தான். "ஒரே ஒரு மெசேஜ்தான் வரணும்"னு எண்ணிப் பாக்குற டெஸ்ட், முந்தின டெஸ்ட் அதே டேப்ல எதையாவது லாக் பண்ணியிருந்தா விழும். தனியா ஓட்டுனா பாஸ், சேத்து ஓட்டுனா ஃபெயில், ஆளைப் பைத்தியமாக்கும்.

தூங்காத_பைப்லைன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். போர்ட் 0 மாத்துனதும் ரெஃப்யூஸ்டு சுத்தமா நின்னுடுச்சு. இப்ப மிச்சம் இருக்கிறது என் மெஷின்ல வரவே மாட்டேங்குது, சிஐல மட்டும்தான். லோக்கல்ல எப்படி வரவழைக்கிறது? நான் லூப்ல நூறு தடவை ஓட்டிட்டேன், நூறும் பாஸ்.

பழைய_சோறு:
நூறு பத்தாது. நூத்துல ஒரு தடவை விழுற டெஸ்ட்டை நூறு தடவை ஓட்டுனா எல்லாமே பாஸ் ஆகுறதுக்கு வாய்ப்பு 37 சதவீதம் கிட்ட இருக்கு, கால்குலேட்டர்ல 0.99 பவர் 100 போட்டுப் பாருங்க. 300 தடவை ஓட்டுனாதான் அது 5 சதவீதத்துக்கு கீழ இறங்கும். சரி பண்ணிட்டேன்னு சொல்றதுக்கும் இதே கணக்குதான், பத்து தடவை ஓடுச்சு மெர்ஜ் பண்ணிட்டேன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. இதையே திருப்பிப் போட்டா ரீட்ரை கதை தெரியும், பத்துல ஒரு தடவை விழுற நிஜ பக் இருக்குன்னு வைங்க, மூணு வாய்ப்பு கொடுத்தா ஆயிரத்துல ஒரு தடவைதான் உங்க கண்ணுக்குத் தெரியும், கஸ்டமருக்கு பத்துல ஒண்ணுதான்.

வேகமா வரவழைக்கணும்னா மெஷினை கஷ்டப்படுத்துங்க. லினக்ஸ்ல டாஸ்க்செட் வச்சு எல்லாத்தையும் ஒரே கோர்ல கட்டிப் போடுங்க, பக்கத்துல ஸ்ட்ரெஸ்-என்ஜி (மெஷினுக்கு லோட் கொடுக்கிற டூல்) ஓட விடுங்க. எமுலேஷன்ல சிபியூ த்ராட்லிங் ரேட்னு ஒரு சிடிபி கமாண்ட் இருக்கு, அது பேஜை மட்டும்தான் மெதுவாக்கும், ப்ரவுசர் பக்கம் வேகமாவே இருக்கும், ஆனா சில ரேஸுக்கு அந்த ஏற்றத்தாழ்வுதான் வேணும். எனக்கு ரொம்ப உதவுனது நடுவுல ஒரு வெப்சாக்கெட் ப்ராக்ஸி, க்ளையன்ட்டுக்கும் க்ரோமுக்கும் நடுவுல உக்காந்து ஒவ்வொரு மெசேஜையும் கொஞ்சம் கண்டபடி தாமதிச்சு அனுப்பும், வரிசையை மட்டும் மாத்தாது. வரிசையை மாத்துனா நீங்களே பொய் பக் உண்டாக்குறீங்க.

அந்த ப்ராக்ஸியே எல்லா மெசேஜையும் நேரத்தோட ஃபைல்ல எழுதட்டும். பாஸ் ஆன ரன் ஒண்ணு, ஃபெயில் ஆன ரன் ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எந்த வரில பிரியுதுன்னு பாருங்க. பாதிக்கு மேல அங்கயே விடை இருக்கும்.

தூங்காத_பைப்லைன்:
அப்டேட். லேட்டுக்கு மன்னிக்கவும், நடுவுல ரிலீஸ் (ஆமா ஓரமா ப்ரோ, வெள்ளிக்கிழமைதான்).

ப்ராக்ஸி எழுதி ஓட்டினேன். பெரிய குவியல் ஒண்ணு நெட்வொர்க்.கெட்ரெஸ்பான்ஸ்பாடி, ரெஸ்பான்ஸ் ரிசீவ்டு ஈவென்ட் வந்ததுமே பாடியைக் கேட்டுட்டு இருந்துச்சு டெஸ்ட், அது ஹெடர் வந்ததுக்குத்தான், லோடிங் ஃபினிஷ்டு வர்ற வரைக்கும் பாடி முழுசா இருக்கும்னு நம்ப முடியாது. லேப்டாப்ல சின்ன ஃபைல் உடனே முடிஞ்சிடும், அதான் தெரியல. இது டெஸ்ட் தப்பு.

ரெண்டாவதுதான் சுவாரசியம். வேற சைட் ஐஃப்ரேம் தனி ப்ராசஸ்ல தனி டார்கெட்டா வருதில்ல, அதுக்கு ஆட்டோ அட்டாச்ல "டீபக்கருக்கு காத்திரு"ன்னு போட்டிருக்கோம். அட்டாச் ஆனதும் எங்க லைப்ரரி முதல்ல "ஓடலாம்"னு ரன்இஃப்வெய்ட்டிங் அனுப்பிட்டு அதுக்கு பதில் வந்தப்புறம்தான் நெட்வொர்க்.எனேபிள் அனுப்புது! ஐஃப்ரேம் அதுக்குள்ள முதல் ரெண்டு ரிக்வெஸ்ட்டை போட்டுடுது, எங்க கிட்ட அது பதிவாகவே இல்ல. எனேபிள் எல்லாத்தையும் முதல்ல அனுப்பிட்டு கடைசியா ரன் அனுப்புனா சரியாப் போச்சு. சப்போர்ட் டிக்கெட்ல தேடினேன், "ரெக்கார்டிங்ல ஐஃப்ரேம் ரிக்வெஸ்ட் சிலது காணோம்"னு கஸ்டமர் போட்டது ரீப்ரொட்யூஸ் ஆகலன்னு க்ளோஸ் பண்ணி கிடக்கு.

லீட்கிட்ட காட்டினேன். ரீட்ரையை முழுசா எடுக்க மாட்டேன்னுட்டார், 3ஐ 1 ஆக்கியிருக்கார், ரீட்ரைல பாஸ் ஆனா தனி ரிப்போர்ட்ல வரணும், அதுக்கு டிக்கெட் இருக்கணும்னு ஒத்துக்கிட்டார். மாத்துன டெஸ்ட்டை பலமுறை ஓட்டுற ஜாபும் போட்டாச்சு.

ஓரமா_நிக்கிறேன்:
அந்த 1 ரீட்ரை இருக்கே, அது நான் ஜெயிச்சதா எழுதிக்கோங்க.

பழைய_சோறு:
எழுதிக்கோங்க எழுதிக்கோங்க. அந்த ரிப்போர்ட்டை யார் வாரா வாரம் படிக்கிறாங்கன்னு அடுத்த மாசம் கேக்குறேன்.

அணில்_க்யூஏ:
க்ளோஸ் ஆன அந்த டிக்கெட்டை ரீஓபன் பண்ணி கஸ்டமருக்கு சொல்லிடுங்க தம்பி, சப்போர்ட்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு அது பெரிய விஷயம்.

டீ_ப்ரேக்:
சம்பந்தப்பட்ட ஒரு சந்தேகம், இங்கயே கேட்டுடறேன். எங்க டெஸ்ட் ஹெட்லெஸ்ல (விண்டோ இல்லாம) எப்பவும் பாஸ், விண்டோ தெரியற மாதிரி ஓட்டுனா மட்டும் அப்பப்ப டைம்அவுட், அதுவும் நான் மெயில் பாக்க வேற விண்டோவுக்கு போனா அதிகமா வருது. நான் பாக்குறது அதுக்கு தெரியுதா என்ன?

நரி_வால்:
தெரியும் 🙂 வேற விண்டோ முழுசா மறைச்சிடுச்சுன்னா க்ரோம் அந்த டேப்பை பின்னணில இருக்கிறதா எடுத்துக்கும், ரெக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் (திரையை வரையும்போதெல்லாம் ஓடுற கோட்) ஓடாது, டைமர் செகண்டுக்கு ஒண்ணுன்னு மெதுவாகிடும். உங்க டெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேமை நம்பி எதுக்காவது காத்திருந்தா அங்கயே நிக்கும். மறைஞ்ச விண்டோவை பேக்ரவுண்ட் ஆக்காதே, ரெண்டரரை பேக்ரவுண்ட் ஆக்காதே, டைமரை த்ராட்டில் பண்ணாதேன்னு மூணு டிஸேபிள் ஃப்ளாக் இருக்கு, பப்பட்டியர் மூணையும் தானா போட்டுடும், நீங்க க்ரோமை கையால ஸ்டார்ட் பண்றீங்கன்னா நீங்கதான் போடணும். பழைய ஹெட்லெஸ்ல ஓட்டுறீங்களான்னும் பாருங்க, அது தனி இம்ப்ளிமென்டேஷன், 132ல இருந்து அது க்ரோம்லயே இல்ல, ஹெட்லெஸ் ஷெல்னு தனி பைனரி ஆயிடுச்சு, அதுல பாஸ் ஆகுறது நிஜ க்ரோம்ல பாஸ் ஆகும்னு சொல்ல முடியாது.

டீ_ப்ரேக்:
மூணு ஃப்ளாக்கும் போட்டேன், இப்ப மெயில் பாத்தாலும் ஓடுது. ஒரு டெஸ்ட் மட்டும் இன்னும் விழுது, லாக் எடுத்துட்டு தனி இழை போடறேன்.